நாலு ராடு, நாலு மூடி

அபிராமபுரத்தில் வெங்கடரமணன் சார் வீட்டு மாடியில் நான் குடியிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் தூக்கம் கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து கண்ணை மூடினால், கீழே கார் ஷெட்டில் டங்கு டங்கென்று ஆரம்பித்துவிடுவார். நான் மாடிப்படியில் நின்று, "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்ச நேரம் விட்டுக் குடுங்க" என்று கத்துவேன். "இதோ ஆச்சு, புஷ்பம்" என்பார். ஆகாது. ஒரு நாளும் ஆனதில்லை.

இன்சூரன்ஸ் ஆபீஸில் கணக்குப் பார்க்கிற மனுஷர். வாரம் முழுக்க இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. ஞாயிறு வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓட்டை பனியனோடு அந்தப் பழைய பியட்டுக்கு அடியில் போய்விடுவார். எந்த மெக்கானிக்கையும் கிட்டே விடமாட்டார். "எதை எங்கே மாட்டினான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். குழந்தைகள் இல்லை. அவர் மனைவி அபயாம்பாள் மாமி காப்பியோடு ஷெட் வாசலில் நின்று, "நீங்க என்னைக் கல்யாணம் பண்ணிண்டிருக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போவாள். சொல்லும்போது சிரிப்பாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் வெயில் காலத்தில் அந்தக் கார் ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி டொக் டொக் என்று கேட்கும். "பேரிங் தேஞ்சு போச்சு" என்றார் சார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலையே இல்லை, கல்யாணத் தேதி குறித்தவர் மாதிரி இருந்தார். ஷெட் உத்தரத்தில் சங்கிலி மாட்டி எஞ்சினையே மேலே தூக்கி இறக்கி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பழைய பேப்பர் மேல் வரிசையாகப் பரப்பினார்.

எஞ்சினுக்கு நடுவில் ஒரு தண்டு சுற்றுகிறது. அதை நாலு ராடுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக அரை வளையம் இரண்டு. அதுதான் பேரிங். இவ்வளவுதான் அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது. ராடின் அடி வாய் இரண்டாகப் பிரியும், கீழ்ப் பாதியை மூடி என்பார்கள், ஒரு ராடின் மூடி இன்னொரு ராடுக்கு ஆகாது, பார்க்க எல்லாம் ஒரே அச்சாக இருந்தாலும் மாற்றிப் போட்டால் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த விஷயம். கம்பெனி ராடு என்றால் ஜோடிக்கு ஜோடி நம்பர் அடித்திருப்பார்களாம். சாருடையவை ஜி.பி. ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் அவ்வப்போது வாங்கிச் சேர்த்தவை, நம்பர் கிடையாது. அதனால் கழற்றின கையோடு ஒவ்வொரு மூடியையும் அதனதன் ராடிலேயே வைத்து, நட்டைக் கையால் முடுக்கி வைத்திருந்தார். சுற்றுகிற தண்டை மட்டும் சாணை பிடிக்க ஈக்காட்டுத்தாங்கலில் பீர் முஹம்மதுவின் லேத் பட்டறைக்குக் கொடுத்திருந்தார். புது பேரிங்குகளும் வாங்கி பீரோவில் வைத்தாயிற்று.

தண்டு திரும்பி வருவதற்குள் சார் விழுந்துவிட்டார்.

காலை வேளை. ஷெட்டில் ஏதோ சாமான் விழுந்த சத்தம் என்றுதான் நினைத்தேன். மாமி கூப்பிட்ட குரலைக் கேட்டு ஓடினால், சார் எஞ்சின் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறார், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கை, வலது கால் இரண்டும் விளங்கவில்லை. பேச்சும் போயிற்று. "தே… தே…" என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் மிச்சம். பசித்தாலும் தே, கொசு கடித்தாலும் தே. தலையை ஆட்டச் சொன்னால் ஆமாம் என்கிற மாதிரியும் ஆட்டுவார், இல்லை என்கிற மாதிரியும் ஆட்டுவார்.

டாக்டர் மாமியிடம், "எவ்வளவு புரியும்னு சொல்ல முடியாதும்மா. சின்னக் குழந்தைகிட்டப் பேசற மாதிரி பேசுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாக்கியம்தான் மாமியைப் பிடித்துக்கொண்டது. நான் எப்போது கீழே இறங்கினாலும் இதே கேள்வி: "புஷ்பம், இவருக்குப் புரியறதா, சொல்லேன். உள்ளே இருக்காரா, இல்லையா?" கை கால் வராவிட்டால் போகட்டும், பேச்சு வராவிட்டால் போகட்டும், சொல்வது புரிகிறது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பாள். எனக்கு என்ன தெரியும்? "நல்லாப் புரியுது மாமி" என்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சாருக்குப் பரீட்சை வைத்தார்கள். காது செவிடானவரிடம் கத்துவது போல, "நான் யாரு, தெரியறதா?" என்று இரைவார்கள். பேனாவைக் காட்டி இது என்ன என்பார்கள். சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "பாவம், தெரியலை" என்று அவர் எதிரிலேயே உச்சுக் கொட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்களை ஒரு நாள் நாக்கைக் கட்டிப் போட்டுவிட்டு இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

பரீட்சை வைக்காத ஒரே ஆள் பீர் முஹம்மதுதான். சாணை பிடித்த தண்டை எண்ணெய்த் துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி கொண்டுவந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நைனா, நீ சொன்ன அளவுக்குத்தான் எடுத்துக்கீறேன், ஒரு மயிரிழ கூட ஜாஸ்தி இல்ல. எழுந்து வா, மாட்டிக்கலாம்" என்றார். சார் இடது கையால் அந்தத் தண்டைத் தடவிக்கொண்டே இருந்தார். மாமி என்னைப் பார்த்தாள். நானும் மாமியைப் பார்த்தேன். ஆனால் அடுத்த நிமிஷம் சார் போர்வையையும் அதே மாதிரி தடவ ஆரம்பித்தார். மாமியின் முகம் விழுந்துவிட்டது.

நவராத்திரி வந்தது. அந்த வருஷம் மாமி கொலு வைக்கவில்லை. ஆயுத பூஜையை மட்டும் விட மனசில்லை. "அவர் கைபட்ட சாமான் எல்லாம் அழுக்கும் எண்ணெயுமாக் கிடக்கு. பகவான் முன்னாடி அப்படியா வைக்கறது?" என்று முந்தின நாள் ஷெட்டில் இருந்த அத்தனையையும் கூடையில் அள்ளிக் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். கெரோசினில் ஊறப்போட்டாள். நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் கழற்றி, உள்ளே வெளியே தேங்காய் நாரும் சபீனாப் பொடியும் போட்டுப் பூஜைப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். துரு ஏறாமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவினாள். பொழுது சாயும்போது பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது! கூடத்தில் மாக்கோலம் போட்டு, மணைப்பலகை மேல் ராடுகள் நாலும் ஒரு வரிசை, மூடிகள் நாலும் ஒரு வரிசை, ஸ்பானர்கள் பெரிசிலிருந்து சிறிசு வரை ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். கொலு வைக்காத குறையை இதில் தீர்த்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பூஜை வேளைக்குச் சாரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். பார்த்தாரோ இல்லையோ, அப்படி ஒரு கத்தல். "தே! தே! தே!" இடது கை மணையை நோக்கி நீண்டது, நாற்காலியோடு முன்னால் சரிந்தார். மாமி அப்படியே பூரித்துப்போனாள். "பாரு புஷ்பம், பாரு! அவரோட சாமானை அடையாளம் தெரியறது! சந்தோஷத்தைப் பாரு!" என்று கற்பூரத்தட்டோடு அழுதாள். மாமியின் தம்பி ராகவேந்திரனும் அங்கே இருந்தான். தி. நகரில் ஒரு பாங்கில் வேலை. நல்லவன், சும்மா சொல்லக் கூடாது, அத்திம்பேருக்காக ஓடி ஓடி உழைத்தவன். "அக்கா, மனசைத் தேத்திக்கோ. இது வெறும் சத்தம். கற்பூரத்தைப் பார்த்தாலும் இப்படித்தான் கத்துவார்" என்று மெதுவாகச் சொன்னான்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொடங்கினது எதுவும் விளங்கும் என்று ராகவேந்திரன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தான். காரை ஓடவைத்து, அத்திம்பேரை அதில் உட்காரவைத்து அடையாறு பீச்சுக்குக் கூட்டிப் போனால் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வரும் என்பது அவன் எண்ணம். மாமியும் அதைப் பிடித்துக்கொண்டாள். அவன் தன் ஸ்கூட்டரை ஒரு தடவை பிரித்துப் பூட்டினவன். அந்தத் தைரியம். மூடிகள் நாலும் ஒரே மாதிரி இருந்தன, எதை எடுத்து எந்த ராடுக்கு வைத்தாலும் கச்சிதமாக உட்கார்ந்தன. அவனுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. அவன் பண்ணினதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். மாமி பண்ணினதையும் சொல்லமாட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் ஷெட் தெரியும். அவருக்குப் பொழுதுபோகட்டும் என்று சாரை அங்கேதான் உட்காரவைத்தோம். முதல் மூடியை முடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் கம்பியைத் தட்டினார். எதிரில் இருந்த பால் டம்ளரை எடுத்து அடித்தார், பால் மாமி புடவையெல்லாம் கொட்டியது. நாலு மூடியும் போட்டபிறகு ராகவேந்திரன் தண்டைச் சுழற்றிப் பார்த்தான். அசையவில்லை. ஒரு நீளக் குழாயை ஸ்பானரில் செருகி, முழு பலத்தோடு அழுத்தினதும் முனகிக்கொண்டு சுற்றியது. "புது பேரிங், இறுக்கமாத்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும்" என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டான். உள்ளே சார் ஊளையிட்டார். மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

மாமி பயந்துபோய் டாக்டருக்குப் போன் பண்ணினாள். படபடப்பாக இருக்கும்போது கொடுக்கச் சொல்லி ஒரு மாத்திரை வந்தது. அதற்கப்புறம் ஞாயிறுதோறும் ராகவேந்திரன் வருவதற்கு முன்னால் சாருக்கு அரை மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை என்றால் காக்கை கத்துவதற்கு முன்னால் எழுந்து என் உயிரை வாங்குகிற மனுஷர், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து மணிக்கும் தூங்கினார். "எதுக்கு மாமி இந்த மாத்திரை, அவர் பாட்டுக்குக் கத்திட்டுப் போறார்" என்று சண்டையே போட்டேன். "அவர் கத்தினா என்னால கேக்க முடியலை, புஷ்பம். அவனுக்கும் பாவம், வேலை ஓடலை" என்றாள். நான் என்ன, சொந்தமா பந்தமா? மாடியில் வாடகைக்கு இருக்கிறவள். வாயை மூடிக்கொண்டு படியேறினேன். கீழே ஸ்பானர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அன்றைக்கும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐப்பசி மழை விட்ட பிறகு எஞ்சினைக் காரில் ஏற்றினார்கள். சாவி போட்டால் கிளம்பவில்லை. தெருவில் போனவர்கள், இஸ்திரிக்காரர், பால் பூத் ஆள் எல்லாரும் சேர்ந்து தள்ளினதும் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. தெருவே கைதட்டியது. சாருக்குப் புதுச் சட்டை போட்டு, முன் சீட்டில் துண்டால் கட்டி உட்காரவைத்தோம். அன்றைக்கு மாத்திரை கொடுக்கவில்லை. நானும் மாமியும் பின்னால்.

கிரீன்வேஸ் ரோடு தாண்டும்வரை ஒன்றும் இல்லை. மாமி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள், "இதோ பாருங்கோ, மரம் எல்லாம் எப்படி வளர்ந்துடுத்து." சார் எதையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடையாறு பாலம் ஏறும்போது திடீரென்று இடது கையைக் குறுக்கே நீட்டி ராகவேந்திரனின் கையைப் பிடித்துக் கியரிலிருந்து இழுத்தார். "அத்திம்பேர், விடுங்கோ! பஸ் வரது! அக்கா, பிடிச்சுக்கோ அவரை!" என்று அவன் அலறினான். மாமி பின்னாலிருந்து கட்டிப் பிடித்து அவர் கையைப் பிரித்தாள். "சமத்தா இருங்கோ, சமத்தா இருங்கோ" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவர் தோள் தொய்ந்துபோயிற்று. பாலத்து நடுவில் வரும்போது கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் கிறீச்சென்று ஒரு உரசல், சக்கரத்தை யாரோ பிடித்து நிறுத்தினாற்போலக் கார் நின்றது. பின்னால் வந்த பல்லவன் பஸ் டிரைவர் எங்கள் குலத்தையே இழுத்துத் திட்டினார். பஸ் புகை போதாதென்று அடையாற்று நாற்றம் வேறு, அதில் நாங்கள் சாரைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு திரும்பினோம். ராகவேந்திரன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஷெட் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

பீர் முஹம்மது வந்து எஞ்சினின் அடியைத் திறந்தார். ஒரு பேரிங் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது, மற்றவை கீறலாகக் கிடந்தன. ராடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மூடி சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் லேசாகத் தட்டியது.

"இன்னாம்மா இது? மூடியெல்லாம் மாறிக்கீது! அதது ராடுக்கு அதது மூடிதாம்மா. மாத்திப் போட்டா புடிச்சிக்கும். சார் அப்படியே ஜோடியா முடுக்கி வெச்சிருப்பாரே, யாரு அவுத்தது?"

மாமியின் முகத்தில் ரத்தம் இல்லை. "நான்தான்" என்றாள். "பூஜைக்குத் தேய்க்கறதுக்கு."

பீர் முஹம்மது பதறிப்போய், "ஐய, உட்ரும்மா, உனுக்கின்னா தெரியும்" என்றார். ராகவேந்திரன், எது எதனுடையது என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டான். அவர் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "லேத்துக்கு எட்த்துக்கினு போயி அளந்து பாத்தாத்தான் ஆவும். ஒரு மூடி ரெண்டு ராடுக்கும் சேர்ற மாதிரி கீது. சும்மா பாத்து சொல்றதுன்னா, சார் ஒர்த்தர் எந்திரிச்சி வந்து சொன்னாத்தான் உண்டு."

அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். மாமி அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து விழுவதற்குள் நாலு ராடுகளையும் நாலு மூடிகளையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "அக்கா, என்ன பண்றே, அவரை மறுபடியும் படுத்தாதே" என்று ராகவேந்திரன் பின்னாலேயே ஓடினான். நாங்களும் போனோம். கட்டிலில் சாரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். மடி மேல் பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கொட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. எதிரில் நின்றாள், அவ்வளவுதான்.

சார் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். இடது கையால் ஒரு ராடைத் தொடையில் சாய்த்து வைத்துக்கொண்டார். ஒரு மூடியை எடுத்து அதன் வாயில் வைத்தார். சேருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை மேலும் கீழும் ஓட்டினார். எடுத்து ஓரமாக வைத்தார். இன்னொன்று. அதையும் வைத்தார். மூன்றாவதை வைத்து நகத்தை ஓட்டினார், திரும்ப ஓட்டினார், அந்த ஜோடியைத் தன் இடுப்புப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ராடை இழுத்தார். மூக்கு வழியாக மூச்சு விட்டுக்கொண்டு, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் எப்படி இருப்பாரோ அதே முகம். நாலு ஜோடியும் சேர்ந்தபிறகு பீர் முஹம்மது குனிந்து ஒவ்வொன்றாக நகத்தை ஓட்டிப் பார்த்தார். ஒன்றில்கூட நகம் தட்டவில்லை. "அல்லா! நாலும் கரீக்டும்மா. நாலும் அதது ஜோடி" என்று தழுதழுத்தார்.

ராகவேந்திரன் சுவரில் சாய்ந்துகொண்டு கேவினான். நான் மாமியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மாமி, உள்ளேதான் இருக்கார்! எல்லாம் புரியுது மாமி!" என்று கத்தினேன். இத்தனை மாசமாக அவள் கேட்ட ஒரே வரம். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கை ஜில்லிட்டிருந்தது.

"அப்போ… எல்லாத்தையும் கேட்டுண்டுதான் இருந்தேளா?" என்றாள்.

சார் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சொன்னதையுமா?" குனிந்து அவர் முகத்துக்கு நேரே வந்தாள். "கார்த்தால உடம்பு துடைச்சு விடறச்சே தினம் சொல்லுவேனே. அன்னிக்கே போயிருக்கப்படாதா, என்னை ஏன் இப்படிப் படுத்தறேள்னு. உங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சுண்டு சொன்னேன். ஐயோ, மனசு தாங்காமச் சொன்னேன். வேற யார்கிட்டச் சொல்லுவேன் நான்?"

எங்கள் மூன்று பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பீர் முஹம்மது தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

சார் பதில் சொன்னார். நீளமாகவே சொன்னார். "தே… தேதே… தே" என்று ஏற்ற இறக்கத்தோடு, நடுநடுவே நிறுத்தி, கையை அசைத்து, எதையோ விளக்கி, மறுபடியும் ஆரம்பித்து. கோபித்துக்கொண்டாரா, தேற்றினாரா, நீ சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டாரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மாமி கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்… ஆமாம்…" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.